முப்பத்தேழு பேரின் நல்ல நாள்

'பிரச்சினை' என்ற சொல்லை என் வகுப்பில் யார் உச்சரித்தாலும் அன்றைக்குக் கரும்பலகையை அவர்தான் துடைக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டிருந்தேன். சட்டம் போட்ட முதல் வாரத்திலேயே மூன்று முறை நான்தான் துடைத்தேன். பழக்கம் அப்படி. ஆறு வருடம் ஒரு கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டுப் பாடம் நடத்த வந்தவன் நான். வாயைத் திறந்தால் 'இங்கே என்ன பிரச்சினை?' என்றுதான் வரும்.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில், நெல் வயல்களுக்கு நடுவே மூன்று மாடியில் நிற்கிறது எங்கள் கல்லூரி. எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டில் பதினெட்டுப் பேர். அவர்களுக்கு நான் எடுப்பது மாற்ற மேலாண்மை. பதினோரு வருடமாக மாறாத பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு மாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும். யாரிடம் போய்ச் சொல்ல?

அதில் ஒரு பகுதிக்குப் பெயர் 'அப்ரிஷியேட்டிவ் என்கொயரி'. 'பாராட்டு விசாரணை' என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். விசாரணை என்றதும் பிள்ளைகளுக்குப் போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வந்தது. விட்டுவிட்டேன். விஷயம் எளிமையானது. ஓர் இடத்தை மாற்ற வேண்டுமென்றால் அங்கே என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று தோண்டாதே. எது நன்றாக நடந்தது, எப்போது நடந்தது என்று கேள். ஒருவரை விடாமல் கேள். அந்த நல்ல நாளுக்குள் என்ன இருந்தது என்று பார்த்து, அதையே தினமும் நடக்கவைக்க வழி தேடு. குறையைக் கேட்டால் மனிதர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், நல்லதைக் கேட்டால் திறப்பார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை அடிக்கடி சொல்வேன். சொல்லும்போதெல்லாம் எனக்கே கொஞ்சம் கர்வம் வரும்.

பாடத்தை வாயால் சொன்னால் மட்டும் போதாது என்று அந்த வருடம் களத்துக்கு அனுப்பினேன். இருவர் இருவராக ஓர் இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அங்குள்ள எல்லோரிடமும் ஒரே கேள்வி: 'இங்கே நீங்கள் கண்ட நல்ல நாள் எது?' கடைசியில் கிடைத்த பதில்களை அவர்கள் முன்னாலேயே படித்துக் காட்ட வேண்டும். தினேஷ்குமார்தான் முதலில் கை தூக்கினான். அவன் அப்பா வேதாசலம்தான் அவர்கள் ஊர்ப் பால் சொசைட்டியின் தலைவர். அதே ஊரிலிருந்து நிஷா என்ற பெண்ணும் படித்தாள். இருவரையும் ஜோடி சேர்த்தேன். ஒரே ஊர், ஒரே பஸ், வசதி என்று நினைத்தேன்.

ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் விஷயம் அந்த ஊரோடு போய்விடும்.

எங்கள் பக்கத்தில் ஒரே ஊர் என்பது ஒரே ஊர் இல்லை, ஊர் ஒன்று, காலனி ஒன்று என்பது எனக்குத் தெரியாதா? இந்த மண்ணில் பிறந்தவன், நாலு ஏக்கர் நஞ்சையும் வீட்டில் கறவை மாடும் உள்ளவன். தெரியும். தெரிந்ததைச் செருப்போடு சேர்த்து வெளியே கழற்றி வைத்துவிட்டு வகுப்பறைக்குள் போயிருந்தேன், அவ்வளவுதான். தினேஷ் ஊர். நிஷா காலனி.

மறுநாள் நிஷா ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"சார், எனக்கு வேற எடம் குடுங்க சார்."

"அட, அது சொந்த ஊரு. சுலபமா முடிஞ்சிடுமே."

"அங்க எங்கம்மா பால் ஊத்தறாங்க சார்."

"நல்லதாப் போச்சு. ஆனா ஒரு விதி. சொந்தக்காரங்கள நீ கேக்கக் கூடாது. உங்கம்மாவ தினேஷ் கேக்கட்டும், அவங்கப்பாவ நீ கேளு."

அவள் என் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லது மட்டும்தான் கேக்கணுமா சார்?"

"நல்லது மட்டும்தான்."

"நல்லது இல்லன்னா?"

"இல்லாம இருக்காதும்மா. நீ போகும்போதே பிரச்சினையத் தேடிக்கினு போற. அதான் தப்பு."

ஆசிரியர் அறையில் கரும்பலகை இல்லை, பிழைத்தேன். அவள் சரி சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். எதற்காக வேறு இடம் கேட்கிறாள் என்று நான் கேட்கவே இல்லை. கேள்வி கேட்கும் கலையைச் சொல்லிக்கொடுப்பவன், எதிரே நின்ற பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

பத்து நாளில் பதில்கள் வந்தன. அந்தச் சொசைட்டியில் பால் ஊற்றுகிறவர்கள் முப்பத்தேழு பேர். முப்பத்தோரு பேரின் பதில் தாளில் இருந்தது. சொல்லிவைத்த மாதிரி எல்லோரும் ஒன்றையே சொல்லியிருந்தார்கள். எங்கள் சொசைட்டியில் கூச்சல் கிடையாது, தள்ளுமுள்ளு கிடையாது, வரிசை என்றால் வரிசை. வேதாசலத்தின் பதில் நிஷாவின் கையெழுத்தில் இருந்தது: 'நான் தலைவரா வந்து ஒம்போது வருசத்துல ஒரு நாளுகூட சண்டை வந்ததில்ல. யாரு எங்க நிக்கணும்னு யாரும் சொல்லத் தேவல. அவங்கவங்களுக்கே தெரியும். எங்களுக்கு எல்லா நாளும் நல்ல நாளுதான்.'

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கரும்பலகையில் 'பலம்: ஒழுங்கு' என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டேன். யாரும் சொல்லாமலே நடக்கிற ஒழுங்கு, இதற்காக எத்தனை கம்பெனிகள் தவம் கிடக்கின்றன தெரியுமா என்று அரை மணி நேரம் பேசினேன். நிஷா குனிந்தபடி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

"மிச்சம் ஆறு பேர்?" என்று தினேஷைக் கேட்டேன்.

"ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன் சார். நாளைக்கு எழுதித் தரேன்."

அவனுடைய நாளை நான்கு நாள் கழித்து வந்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, ஃபோனை என் முன்னால் வைத்தான்.

"நிஷாவோட அம்மா சார். அம்முலு. கேளுங்க."

முதலில் மாடு கத்துகிற சத்தம். பிறகு தினேஷின் குரல், தட்டுத் தடுமாறி. 'இந்தச் சொசைட்டில... பாத்த நல்ல நாள் எதுன்னு... சொன்னா எழுதிக்கலாம்.' அவன் அந்தப் பெண்மணியை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. சின்ன வயதிலிருந்து 'அம்முலு வா, அம்முலு போ' என்று பழகிய வாய். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் அம்மாவிடம் அப்படிக் கேட்க முடியவில்லை, வேறு மாதிரி கேட்கவும் வரவில்லை. எனக்குப் பழகிய தடுமாற்றம்தான் அது. பிறகு அம்முலு பேசினாள்.

'நல்ல நாளா? இன்னா தம்பி, திடீர்னு வந்து கேக்கற... ஒண்ணு கீது. போன வருசம் புயல் வந்துச்சே, அதுக்கு மறுநாளு. செகரட்டரியால வர முடியல. வேற ஊரு சொசைட்டிலேந்து ஒரு பொண்ணு வந்துச்சு. அதுக்கு யாரு இன்னான்னு ஒண்ணும் தெரியாது. மொதல்ல வந்தவங்க மொதல்ல ஊத்துங்கன்னு சொல்லிடுச்சு. நான்தான் மொதல்ல நின்னுக்கினு இருந்தேன். வாங்கி ஊத்திடுச்சு. பாலு கறந்த சூடு ஆறல தம்பி. கொழுப்பு ரீடிங்கு அப்டி நல்லா வந்துச்சு. வூட்டுக்கு வந்து பாத்தா பொயுதே சரியா விடியல. எனுக்கு இன்னா பண்றதுன்னே தெரியல. எம் பொண்ணு தூங்கிக்கினு இருந்துச்சு. ஒரு டீ போட்டு உக்காந்து குடிச்சேன். உக்காந்து, சூடா. அதான் நல்ல நாளு.'

'அப்பறம்?' என்றது தினேஷின் குரல்.

'அப்பறம் இன்னா? மறுநாளு செகரட்டரி வந்துட்டாரு.'

தினேஷ் ஃபோனை அணைத்தான். அந்த வரிசை எப்படிப்பட்டது என்று அவன் சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது என்று எழுத ஆசை. அவன் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் ஆறு மணிக்குப் பால் எடுக்க ஆரம்பித்து ஏழு மணிக்குள் வண்டியில் ஏற்றிவிட வேண்டும். முதலில் ஊர் வீடுகள் ஊற்றும். காலனியின் ஆறு பேர் கடைசி. ஊர்க்காரர் ஒருவர் ஆறே முக்காலுக்கு ஆடி அசைந்து வந்தாலும் அவர்கள் ஒதுங்கி வழி விட வேண்டும். கடைசி ஆள் என்று தாமதமாக வரவும் முடியாது. ஊர்ப் பால் சீக்கிரம் முடிந்துவிட்டால் செகரட்டரி கதவைச் சாத்திவிடுவார். அதனால் ஐந்தரைக்கே வந்து நிற்பார்கள். யாரும் இப்படி ஒரு சட்டம் எழுதவில்லை. பால் எல்லாம் ஒரே கேனில்தான் கலக்கிறது. ஆட்கள்தான் கலக்கக் கூடாது.

"மத்த அஞ்சு பேரும் இதே நாளத்தான் சார் சொல்றாங்க" என்றான் தினேஷ். "ஆறு பேரும் அந்த ஒரே நாளு. நான் டவுசர் போட்ட காலத்துலேந்து அங்க போறேன் சார். ஒழுங்குன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்."

அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதலில் வந்தது சந்தோஷம். பார்த்தாயா, முறை வேலை செய்துவிட்டதே! என்ன குறை என்று கேட்டிருந்தால் அந்தப் பெண்மணி ஒன்றும் இல்லை தம்பி என்று சொல்லி அனுப்பியிருப்பாள். நல்ல நாளைக் கேட்டதால்தானே இத்தனையும் வந்தது? ஞாயிற்றுக்கிழமை சொசைட்டியில் எல்லோர் முன்னாலும் இதைப் படிக்க வேண்டும் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். மாநாட்டில் கட்டுரை வாசிப்பதுவரை மனம் ஓடியது.

நிஷாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் நின்றபடியே கேட்டாள்.

"அதுக்குத்தான் சார் வேற எடம் கேட்டேன்."

"இது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமாம்மா?"

"தெரியும் சார். திங்கக்கிழமையும் எங்கம்மா அங்கதான் பால் ஊத்தணும். தண்ணி கலந்துகீதுன்னு செகரட்டரி ஒரு வார்த்த சொன்னா போதும். ஒத்த மாடு சார். பால எடுத்துக்கினு எங்க போவாங்க?"

"பேரு சொல்லாம படிக்கலாமே."

"ஆறே பேரு சார். யாருன்னு தெரியாதா?"

அவளே ஃபோனில் அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். அம்முலுவுக்கு யோசிக்க நேரமே தேவைப்படவில்லை. "வேணா சார். தம்பி கேட்டுச்சு, மனசுல கீறத சொன்னேன். அது அதோட போவட்டும்." சரிம்மா என்றேன். முப்பத்தோரு பதில்களை மட்டும் படிப்பது என்று முடிவாயிற்று. தினேஷ் ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பிடித்து ஆறு மணிக்கெல்லாம் போய் இறங்கினேன். பால் ஊற்றி முடித்ததும் கூட்டம். வேதாசலம் வாசலில் நாற்காலி போடவைத்து, காபி வரவழைத்து, சால்வைகூட வாங்கி வைத்திருந்தார். அவர் நல்ல மனிதர் என்பதையும் எழுதியாக வேண்டும். காலனியில் யாருக்கு நெஞ்சுவலி என்றாலும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அவர் கார்தான் போகும். "உங்க பசங்க வந்து கேட்டதுல எங்க ஜனங்களுக்கு அவ்ளோ சந்தோசம் சார்" என்றார். நான் காபியைக் குடித்தேன்.

ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். விளக்குக் கம்பத்தின் கீழே தள்ளி ஆறு பேர் கேனோடு நின்றார்கள். அதில் ஒல்லியாக, தலையில் துண்டு கட்டிக்கொண்டு நின்றவள்தான் அம்முலு என்று நிஷா பக்கத்தில் நின்றதால் தெரிந்தது.

அப்போது தினேஷ் தன் வீட்டுப் பால் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். தலைவர் வீட்டுப் பால் எப்போது வந்தாலும் நேரே மேசைக்குப் போகும். அவன் மேசைக்குப் போகவில்லை. விளக்குக் கம்பத்தருகே போய் அம்முலுவுக்குப் பின்னால் நின்றான்.

"இன்னா தினேசு, அங்க போயி நிக்கிற? முன்னாடி வா" என்றார் செகரட்டரி.

"நான் இப்பதான வந்தேன். பின்னாடியே நிக்கிறேன்."

என் மாணவன்! எனக்கு மார்பு விரிந்தது. ஆனால் அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அம்முலு கேனைத் தூக்கிக்கொண்டு அவனுக்குப் பின்னால் போய் நின்றாள். அவளோடு மற்ற ஐந்து பேரும் நகர்ந்தார்கள். தினேஷ் மறுபடி அவர்களுக்குப் பின்னால் போனான். அவர்கள் மறுபடி அவனுக்குப் பின்னால் போனார்கள். அவன் விடவில்லை. அவர்களும் விடவில்லை. தலைவர் மகன் பின்னால் நிற்க, தாங்கள் முன்னால் நிற்பதா? இப்படியே வரிசை கம்பத்தை விட்டு, வேலியைத் தாண்டி, ரோட்டுக்குப் போய்விட்டது. இதற்குள் நான்கு ஊர் வீடுகள் ஊற்றிவிட்டுப் போயிருந்தன. இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மணி ஆறே முக்கால்.

அம்முலு கேனை 'ணங்'கென்று தார் ரோட்டில் வைத்தாள்.

"தம்பி, இன்னா வெளையாட்டு இது?"

"வெளையாட்டு இல்ல. நான் உங்களுக்குப் பின்னாடி..."

"நீ பின்னாடி நின்னா நான் முன்னாடி பூடுவனா? பாரு, ரோட்டுக்கே வந்துட்டேன். ஏழரைக்கு எனுக்கு நடவு கீது. வண்டி வந்துடும். பாலு புளிச்சிச்சின்னா நீ குடிப்பியா?"

தினேஷுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப நான் இன்னாதான் பண்ணட்டும்?"

அவள் அவனையே பார்த்தாள். பிறகு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வேதாசலத்தைப் பார்த்தாள். என்னையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"அன்னிக்கு நான் சொன்னத வெச்சினுகீறியா?"

"கீது."

"படி. இங்க நின்னு இல்ல. அங்க போயி உங்கப்பா பக்கத்துல நின்னு படி."

"அம்மா, வேணாம்மா" என்று நிஷா அவள் கையைப் பிடித்தாள்.

"நீ சும்மா இரு. ரோட்டுக்கே வந்தாச்சி. இதுக்கும் பின்னாடி போயி நான் எங்க நிக்கிறது?"

தினேஷ் கேனை அங்கேயே விட்டுவிட்டு நடந்தான். அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று ஃபோனைப் பார்த்துப் படித்தான். ஒரு வார்த்தையைத் திருத்தவில்லை. 'எனுக்கு' என்று அவள் சொன்னதை எனுக்கு என்றே படித்தான். 'மறுநாளு செகரட்டரி வந்துட்டாரு' என்ற இடத்தில் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். "மத்த அஞ்சு பேரும் இதே நாளத்தான் சொன்னாங்க" என்று முடித்தான்.

செகரட்டரி அளவுக் குவளையைக் கையில் பிடித்தபடி நின்றார். வேதாசலத்தின் முகம் கறுத்துப்போயிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அன்னிக்கு சண்டை எதனா வந்துச்சா?"

"நான்தான் அன்னிக்கு இல்லியே தலைவரே" என்றார் செகரட்டரி.

ஊற்றிவிட்டுக் காலி கேனோடு நின்ற ஜெயம்மாள் என்ற ஊர்க்காரப் பெண்மணிதான் பதில் சொன்னாள். "ஒண்ணும் வர்ல. மழை தூறிக்கினு இருந்துச்சு. அவங்கவங்க ஊத்திட்டு வூட்டுக்குப் போனோம்."

வேதாசலம் எழுந்தார். ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். சால்வை நாற்காலியிலேயே கிடந்தது.

அம்முலு ரோட்டிலிருந்து வந்தாள். ஊர்க்காரர்கள் மூன்று பேர் இன்னும் ஊற்ற வேண்டியிருந்தது. அவர்களுக்கு முன்னால் போய், கேனை மேசைமேல் வைத்தாள். செகரட்டரி, தலைவர் போன வழியைப் பார்த்தார். அந்த மூன்று பேரைப் பார்த்தார். அவர்களில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செகரட்டரி கேனை வாங்கி ஊற்றினார்.

கூட்டம் நடக்கவில்லை. என் முப்பத்தோரு பதில்கள் பையிலேயே திரும்பி வந்தன.

மூன்று வாரம் கழித்து வகுப்பில் தினேஷும் நிஷாவும் அறிக்கை வாசித்தார்கள். இப்போது வந்த வரிசையில்தான் ஊற்றுகிறார்கள் என்றான் தினேஷ். யாரும் அறிவிக்கவில்லை, முன்பும் யாரும் அறிவிக்கவில்லை அல்லவா, அதே மாதிரி. நான்கு வீடுகள் சொசைட்டியை விட்டுத் தனியார் வண்டிக்கு ஊற்றப் போய்விட்டன. அப்பா சொசைட்டிப் பக்கம் வருவதில்லை, சாப்பிட வா என்பதைத் தவிர என்னிடம் பேசுவதும் இல்லை, ஆனால் எங்கள் பாலை வேறு வண்டிக்கும் அனுப்பவில்லை என்று சொல்லி உட்கார்ந்தான்.

"எங்கம்மாவ ரெண்டு வீட்ல நடவுக்குக் கூப்பிடல" என்றாள் நிஷா. அதை ஒரு புள்ளிவிவரம்போலச் சொன்னாள். "ரெண்டு வீட்ல புதுசா கூப்பிட்டாங்க. அதுல ஒண்ணு ஜெயம்மா வூடு."

பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் எழுந்து, இந்த முறையின் சிறப்பு என்னவென்றால் என்று ஆரம்பித்தேன். நிஷா உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்து, பேனாவைத் திறந்தாள்.

"சார், ஒருத்தரையும் விடாம கேக்கணும்னு சொன்னீங்க. உங்கள யாரும் கேக்கல."

"கேளும்மா" என்று சிரித்தேன்.

"உங்க வூட்லயும் மாடு கீதில்ல சார்? பால யாரு கொண்டு போயி ஊத்தறாங்க?"

பதினெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். கேள்வியில் குத்தல் இல்லை. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் கேட்டாள், தெரிந்துகொள்வதற்காக.

"எனக்கு ஏதும்மா நேரம்? வேலைக்கு ஆள் இருக்காரு. செங்கேணின்னு."

"அவரு காலனியா சார்?"

"ஆமா."

"அவருக்கும் மாடு கீதா?"

"ஒண்ணு இருக்கு."

அவள் பேனா தாளின் மேல் காத்திருந்தது. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். காலையில் நான் எழுவதற்குள் அவர் போய்விடுவார், நான் பார்த்ததில்லை என்று சொன்னால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? நான் பார்த்திருக்கிறேன். நடைப்பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். இரண்டு கையிலும் இரண்டு கேன்.

"எங்க நிப்பாரு சார்?"

"எங்க ஊரு சொசைட்டில எங்க பாலு மொதல்ல போவும்மா. கேட் தெறந்ததும் அவருதான் ஊத்துவாரு" என்றேன். "ஊத்திட்டு, அவரு பால எடுத்துக்கினு போயி கடைசில நிப்பாரு."

நிஷா எழுதிக்கொண்டாள்.